தேய்ந்த பொன் எங்கே போயிற்று?

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் முன்னோர் வாக்கு. கல் தேய்வதை எளிதில் ஒப்புக்கொள்ளும் நாம், பொன் தேயும் என்பதை மட்டும் ஏனோ ஒப்புக்கொள்ளத் தயங்குகின்றோம். ஆலயத்தின் பழைய வாயிற்படி நடுவில் குழிந்திருப்பதைக் கண்டு, எத்தனை தலைமுறையினரின் பாதங்கள் இதனை மிதித்திருக்கும் என வியக்கின்றோம். அம்மி வழவழத்துப் போனால் கொத்துவதற்கு ஆள் தேடுகின்றோம். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த நகையொன்று, பழைய சீட்டில் எழுதப்பட்ட எடைக்குக் குறைந்து நின்றால், "யார் எடுத்தது?" என்ற கேள்வியே முதலில் நம் நாவில் எழுகின்றது. "எவ்வாறு தேய்ந்தது?" என்று கேட்பவர் அரிது. அந்த இரண்டாவது கேள்வியைக் குறித்து இம்மாதம் நம் குடும்பங்களோடு சற்று உரையாட விரும்புகின்றோம்.

பங்குக் குருவுக்கும் பொன்னுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நகைக்கக்கூடும். தொடர்பு உண்டு. திருமணத்தன்று தாலியையும் மோதிரங்களையும் மந்திரித்துக் கொடுப்பவர் நாமே. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் சென்றபின், நோயுற்றோரைக் காண வீடுகளுக்குச் செல்லும்போது, அதே போன்ற மோதிரங்களை முதியோர் விரல்களில் மீண்டும் காண்கின்றோம். பூவேலைப்பாடு மறைந்திருக்கும், பொறித்த எழுத்துகள் மங்கியிருக்கும், உள்ளங்கைப் பக்கம் நூல்போல மெலிந்திருக்கும். வெட்டியவர் இல்லை, உருக்கியவர் இல்லை. ஆயினும் பொன் குறைந்திருக்கின்றது. இதனைக் கண்ணாரக் கண்டவர் எவரும் பொன் தேயாது என்று சாதிக்க மாட்டார்.

நாம் அணியும் பொன் தனிப்பொன் அன்று. கலப்புப் பொன் என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். தனித் தங்கம் மிக மென்மையானது. ஆகவே 24 பங்கில் 22 பங்கு தங்கமும், எஞ்சிய 2 பங்கு செம்பும் வெள்ளியும் போன்ற உலோகங்களுமாகச் சேர்த்து உருக்குகின்றனர். இதுவே 22 காரட். ஆயிரத்தில் ஏறத்தாழ 916 பங்கு தங்கம் என்பதால்தான் இன்றைய நகைகளில் 916 என்ற முத்திரை காணப்படுகின்றது. நாம் நாள்தோறும் வழங்கும் சவரன் என்னும் சொல்லும், ஆங்கில அரசு 1817-இல் வெளியிட்ட சாவரின் என்னும் 22 காரட் பொற்காசின் பெயரிலிருந்து வந்ததே. அக்காசின் எடை 7.98 கிராம், நம் சவரன் 8 கிராம். இங்கிலாந்தின் காசு நம் வீட்டுப் பெண்மக்களின் கழுத்துக்கு அளவுகோலாக அமைந்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அந்நாட்டிலும் ஒருகாலத்தில் இதே ஐயம் எழுந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புழக்கத்திலிருந்த பொற்காசுகள் எடை குறைந்து வருவதைக் கண்டு அரசினர் கவலையுற்றனர். காசின் விளிம்பைக் கத்தரிப்போரும், காசுகளைப் பையிலிட்டுக் குலுக்கி, உதிரும் பொற்றுகளைச் சேர்ப்போரும் அக்காலத்தில் இருந்தனர். ஆயினும் குற்றம் மனிதருடையதா, அல்லது காசு வார்க்கும் பொற்கலவையே குறையுள்ளதா என்பது தெளியவேண்டியிருந்தது. 1798-இல் அரசின் ஆலோசனைக் குழுவினர் இதனை ஆராயுமாறு இரு அறிவியலாரைக் கேட்டுக்கொண்டனர். ஒருவர் சார்ல்ஸ் ஹாட்செட். வண்டி கட்டும் தொழிலதிபரின் மைந்தர். பின்னர் நயோபியம் என்னும் தனிமத்தைக் கண்டறிந்து புகழ்பெற்றவர். மற்றவர் ஹென்றி கேவன்டிஷ். பூமியின் அடர்த்தியை அளந்து அதே 1798-இல் வெளியிட்ட மேதை. மனிதரோடு பேசக் கூசி, தம் வீட்டுப் பணிப்பெண்களுக்கும் சீட்டெழுதியே கட்டளையிட்ட அவர், பேசாத பொன்னைப் பேசவைக்கும் கருவியை வடிவமைத்துத் தந்தார் எனலாம்.

அச்சோதனையின் அமைப்பை நம் இல்லத்தரசியரும் எளிதில் விளங்கிக்கொள்வர். வெவ்வேறு கலவையில் காசுகள் வார்க்கப்பட்டன. சட்டமொன்றில் ஒருவகைக் காசுகளைப் பதித்து, அவற்றின்மேல் மற்றொரு சட்டத்தின் காசுகள் முகத்தோடு முகம் பொருந்துமாறு வைத்தனர். குறித்த சுமையை ஏற்றி, ஒன்றின்மேல் ஒன்று முன்னும் பின்னும் உராயுமாறு இயந்திரத்தை நெடுநேரம் ஓட்டினர். உராய்வதற்கு முன்னும் பின்னும் காசுகளை நுண்ணிய தராசில் நிறுத்தனர். வேறொரு சோதனையில் மண்வகைப் பொடிகளையும் உலோகத்தூளையும் இட்டுத் தேய்த்தனர். பிறிதொன்றில், காசுகளை மரப்பெட்டியிலிட்டுப் பல்லாயிரம் முறை சுழற்றினர். சட்டைப்பையிலும் பணப்பையிலும் காசு படும் பாட்டை ஆய்வுக்கூடத்தில் அப்படியே நடத்திக் காட்டினர் என்க. அறிக்கை 1801-இல் அரசிடம் சென்றது. 1803-இல் இலண்டன் அரசக் கழகத்தின் ஏட்டில் வெளியாயிற்று.

அவர்கள் கண்டது என்ன? கடினமான பொன் குறைவாகவும் மென்பொன் மிகுதியாகவும் தேயும் என்றுதானே எவரும் எதிர்பார்ப்போம்? உண்மை அத்துணை எளிதாயில்லை. ஒரே தன்மையுள்ள இரு காசுகள் மிதமான சுமையில் ஒன்றோடொன்று உராயும்போது, மென்மையும் இழுபடும் தன்மையும் உள்ள பொன் குறைவாகவே இழந்தது. அதன் மேடுகள் உதிராமல், அமுங்கி நசுங்கிப் பரவின. ஆனால் மென்மையானதும் கடினமானதும் எதிரெதிரே உராய்ந்தபோதோ, மென்மையானதே தேய்ந்தது. ஆக, ஓர் உலோகம் எத்துணை தேயும் என்பது அதன் தன்மையை மட்டும் பொறுத்ததன்று. அது எதனோடு உராய்கின்றது, எத்தகைய சுமையில், இடையில் என்ன தூசு இருக்கின்றது என்பனவற்றையும் பொறுத்தது. அதிக மென்மையுமின்றி, அதிகக் கடினமுமின்றி நடுநிலையில் நிற்கும் 22 காரட் பொன்னே காசுக்கு ஏற்றது எனவும், நாணயங்கள் பெரிதும் எடை குறைந்ததற்கு அப்பொற்கலவையின்மேல் பழி சுமத்த இயலாது எனவும் ஹாட்செட் முடிவுரைத்தார். ஈயமும் பிஸ்மத்தும் ஆன்டிமணியும் மிகச் சிறிதளவு கலந்தாலும் பொன் நொறுங்கும் தன்மை அடையும் என்பதையும் அவ்வாராய்ச்சி காட்டிற்று.

சாவரின் காசு புழங்கத் தொடங்கியபின், வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்னும் பொருளியலார் 1868-இல் அதன் தேய்மானத்தைக் கணக்கிட்டார். சட்டம் அக்காசுக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் குறையவே இடமளித்தது. அதற்கும் கீழே இறங்கினால் அது செல்லாக்காசு. கைமாறிக் கைமாறி ஒரு சாவரின் அந்த எல்லையை அடையச் சுமார் 18 ஆண்டுகள் ஆகும் என அவர் கண்டார். திருடர் ஒருவரும் தீண்டாமலே, நேர்மையான கைகளிலேயே அத்துணை பொன் மறைந்துவிடுகின்றது.

எவ்வாறு மறைகின்றது என்பதை 20-ஆம் நூற்றாண்டினர் விளக்கினர். கண்ணாடிபோல் பளபளக்கும் உலோகப் பரப்பையும் நுண்ணோக்கியில் கண்டால் மலையும் பள்ளத்தாக்குமாகவே தோன்றும். இரு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், அவை முழுமையும் தொடுவதில்லை. சிற்சில மலையுச்சிகளே ஒன்றையொன்று தொடுகின்றன. சுமை முழுவதும் அவ்வுச்சிகளின் மேலேயே விழுவதால், அவை நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நகர்த்தும்போது அவ்வொட்டு அறுபடுகின்றது. சில இடங்களில் ஒரு பக்கத்தின் துகள் மறுபக்கத்தோடு போய்விடுகின்றது. கேம்பிரிட்ஜில் பவ்டன், டேபர் என்னும் இருவர் இவ்வுண்மையை விரிவாக நிலைநாட்டினர். 1953-இல் ஆர்ச்சர்ட் என்பவர் அதற்கொரு கணக்கும் வகுத்தார். சுமை இரட்டித்தால் தேய்மானம் இரட்டிக்கும். உராயும் தூரம் இரட்டித்தாலும் அவ்வாறே. உலோகத்தின் கடினம் மிகுந்தால் தேய்மானம் குறையும். இவற்றோடு ஓர் எண்ணையும் பெருக்க வேண்டும். அவ்வெண்தான் தந்திரமானது. எந்த உலோகத்தோடு எந்த உலோகம் உராய்கின்றது, நடுவே எண்ணெய் உண்டா இல்லையா என்பவற்றைப் பொறுத்து, அது பல்லாயிரம் மடங்கு மாறக்கூடியது. ஆகவே அதனை ஏட்டில் கணக்கிட்டுப் பெற இயலாது. உரைத்துப் பார்த்தே அறிதல் வேண்டும்.

இன்றைய ஆய்வுக்கூடங்களில் அதற்கென எளிய பொறியொன்று உண்டு. சோதிக்கவேண்டிய கலப்புலோகத்தால் சிறு முளையொன்றைச் செய்து, சுழலும் வட்டத்தட்டின்மேல் நிறுத்தி, அறிந்த சுமையை அதன்மேல் ஏற்றுகின்றனர். தட்டு இத்தனை சுற்று சுற்றினால் முளை இத்தனை மீட்டர் உராய்ந்தது என்று கணக்குண்டு. சோதனைக்கு முன் முளையைத் துடைத்து நிறுப்பர். பின்னும் துடைத்து நிறுப்பர். தட்டில் விழுந்த தடத்தின் ஆழத்தையும் அளப்பர். அறையின் வெப்பத்தையும் ஈரத்தையும் குறிப்பர். ஒருமுறை கண்டதை நம்பாமல் மீண்டும் மீண்டும் செய்து பார்ப்பர். இடுப்பெலும்பு மூட்டுக்கு மாற்றாக மருத்துவர் பொருத்தும் உலோகக் குமிழும், இரயில் வண்டியின் அச்சுத் தாங்கியும் இவ்வகைச் சோதனைகளைக் கடந்தே வருகின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு முன் கேவன்டிஷ் செய்ததும் அடிப்படையில் இதுவே: நிறு, உரை, மீண்டும் நிறு.

நம் பொற்கொல்லரின் உரைகல்லும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. கருங்கல்லில் நகையை இழுக்கும்போது படியும் மஞ்சள் கோடு, பொன்னிலிருந்து பெயர்ந்த துகள்களின் வரிசை அன்றோ? அக்கோட்டின் நிறத்தை, மாற்று அறிந்த பொன்னின் கோட்டோடு ஒப்பிட்டே தரம் காண்கின்றார். தரம் அறிவதற்கும் பொன் சிறிது தன்னை இழக்கவேண்டியிருக்கின்றது.

வீட்டு நகை எவ்வளவு தேயும் என்பதற்கும் நம் காலத்தில் ஒருவர் விடை தேடினார். வியன்னா நகரின் வேதியியலார் ஜார்ஜ் ஸ்டைன்ஹாசர், தம் திருமண மோதிரத்தை ஓராண்டு முழுவதும் வாரந்தோறும் கழற்றி நிறுத்துக் குறித்துவந்தார். அம்முயற்சி 2008-இல் ஆய்வேட்டில் வெளியாயிற்று. 18 காரட்டில் 5.58 கிராம் எடையிருந்த அம்மோதிரம் ஓராண்டில் 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல் இழந்திருந்தது. அதாவது ஏறத்தாழ 900-இல் ஒரு பங்கு. கடற்கரை மணலில் விடுமுறையைக் கழித்த காலத்திலும், தோட்டவேலை செய்த நாள்களிலும் இழப்பு மிகுந்திருந்தது. பொடியிட்டுத் தேய்த்த ஹாட்செட்டின் சோதனையை, கடற்கரை மணல் மற்றொருமுறை நடத்திக் காட்டிற்று. சாம்பலும் மணலும் இட்டுப் பாத்திரம் துலக்கிய நம் அன்னையரின் கைவளையும் மோதிரமும் என்ன பட்டிருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் ஏன் விரித்துரைத்தோம் என்பதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய பங்கொன்றில் ஒரு தாய் இறைவனடி சேர்ந்தார். அவருக்கு இரு மைந்தர், ஒரு மகள். மைந்தர் இருவரும் வெளியூரில் வேலை பார்த்தனர். நோயுற்ற தாயை ஆறு ஆண்டுகள் உடனிருந்து பேணியவர் மகளே. முப்பதாம் நாள் பூசை முடிந்தபின் நகைகளைப் பிரிக்க அமர்ந்தனர். தாய் 38 ஆண்டுகள் கழுத்தில் அணிந்திருந்த சங்கிலிக்குப் பழைய சீட்டு இருந்தது: 3 பவுன், 24 அங்குலம். தராசிலோ 23 கிராமே நின்றது. ஒரு கிராம் குறைவு. இன்றைய விலையில் அது கூலி வேலை செய்யும் குடும்பத்திற்குப் பல நாள் ஊதியம். "சாவி யாரிடம் இருந்தது?" என்று மூத்தவர் கேட்டாராம். அவ்வளவே. வேறொரு வார்த்தையும் அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. அந்த மகள் எழுந்து சமையலறைக்குள் சென்றவர், அண்ணன்மார் ஊர் திரும்பும்வரை வெளியே வரவில்லை.

இரு மாதம் சென்றபின் இச்செய்தி நம் செவிக்கு எட்டிற்று. சகோதரர் இருவரையும் வரவழைத்தோம். ஒருவரையொருவர் மன்னியுங்கள் என்று அறிவுரை கூறி அனுப்பியிருக்கலாம். ஆனால் குற்றம் செய்யாதவரை மன்னிப்பது எவ்வாறு? அவ்வாறு மன்னிப்பதே அவர்மேல் குற்றத்தை நிலைநிறுத்துவதாகும். ஆதலின் அவர்களையும் சங்கிலியையும் அவ்வூரின் முதிய பொற்கொல்லரிடம் அழைத்துச் சென்றோம்.

வியன்னா மோதிரத்தின் கணக்கைச் சங்கிலிக்குப் பொருத்திப் பார்த்தால், 38 ஆண்டுகளில் 24 கிராமுக்கு ஒரு கிராம் அளவே குறையும். இது பொருத்தமாகத் தோன்றினும் சான்று ஆகாது; அது 18 காரட் மோதிரம், இது 22 காரட் சங்கிலி; கலவையும் வேறு, வாழ்வும் வேறு. சான்றைச் சங்கிலியிடமே கேட்கவேண்டும். பொற்கொல்லர் அதனைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துக் காட்டினார். கண்ணிகளின் புறப்பகுதி ஓரளவு மழுங்கியிருந்தது. ஆனால் கண்ணியும் கண்ணியும் கோத்துக்கொள்ளும் உட்புறத்தில், இருபக்கமும் குழி விழுந்து கம்பி மெலிந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும், ஒவ்வொரு குனிதலுக்கும், கண்ணியோடு கண்ணி உராய்ந்த இடம் அது.

பின்பு அவர் அளவுகோலை எடுத்துச் சங்கிலியை நீட்டி வைத்தார். 24 அங்குலம் இருக்கவேண்டியது, முக்கால் அங்குலம் கூடுதலாக இருந்தது. மூத்தவர் வியந்து, "எடை குறைந்த சங்கிலி நீளம் கூடுமா?" என்று வினவினார். கூடும். கோத்த இடத்தில் ஒவ்வொரு கண்ணியும் மயிரிழை அளவு தேய்ந்தாலும், அடுத்த கண்ணி அவ்வளவு தூரம் விலகித் தொங்கும். நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகளின் மயிரிழைகள் சேர்ந்தால் முக்கால் அங்குலம் ஆகின்றது. மிதிவண்டியின் பழைய சங்கிலி தொய்ந்துபோவதும் இதனாலேயே. எவரேனும் கண்ணிகளைக் கழற்றி எடுத்திருந்தால், சங்கிலி குறுகியிருக்க வேண்டுமே அன்றி நீண்டிருக்க இயலாது. பழைய சீட்டின் எடை அந்த மகளைக் குற்றவாளியாக்கிற்று. அதே சீட்டின் நீளம் அவரை விடுவித்தது. இங்கிலாந்தில் பொன்மேல் எழுந்த பழியைச் சோதனை நீக்கிற்று. இங்கே பெண்மேல் எழுந்த பழியைப் பொன் நீக்கிற்று.

சகோதரர் இருவரும் அன்று மாலையே தங்கையின் இல்லம் சென்றனர். மூத்தவர் சங்கிலியை அவர் கையில் கொடுத்து, அது அவருக்கே உரியது என்றார். அவர் பெற்றுக்கொண்டார். மறுவாரம் நம்மைக் கண்டபோது, "சங்கிலி தேய்ஞ்சதை அளந்து காட்டிட்டீங்க சாமி. அந்த ரெண்டு மாசத்தை என்ன செய்யிறது?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அளவுகோல் நம்மிடம் இல்லை. அவரும் விடையை எதிர்பார்த்துக் கேட்டதாகத் தோன்றவில்லை. இன்று அண்ணன்மார் வந்து போகின்றனர். பேச்சு வார்த்தையும் உண்டு. ஆயினும் அந்தச் சங்கிலியை அவர் கழுத்தில் நாம் கண்டதில்லை.

நம் குடும்பத்தாருக்குச் சில சொற்கள். நகை வாங்கும்போது எடையை மட்டுமன்றி, நீளத்தையும் கண்ணிகளின் எண்ணிக்கையையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். நாள்தோறும் அணியும் நகைகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிறுத்து, அச்சீட்டிலேயே தேதியோடு குறித்து வாருங்கள். கொக்கியும் அதனை அடுத்த கண்ணிகளும் மெலிந்துள்ளனவா என்று பாருங்கள். பெரும்பாலும் சங்கிலி அறுந்து தொலைவது அங்கேதான். பாத்திரம் துலக்கும்போதும் மண்ணில் வேலை செய்யும்போதும் மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். பல நகைகளை ஒரே டப்பாவில் குவித்து வையாமல், தனித்தனித் துணியில் முடிந்து வையுங்கள். ஒன்றையொன்று உரைத்துத் தேய்வது குறையும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்றுண்டு. முதியோரைப் பேணும் பிள்ளையின் கையிலேதான் சாவியும் பெட்டியும் சீட்டும் இருக்கும். ஆகவே எது குறைந்தாலும் ஐயம் முதலில் அவர்மேலேயே விழும். தொலைவிலிருந்து வரும் உடன்பிறந்தோர் இதனை நினைவிற்கொள்வது நன்று. தராசில் எடை குறைந்து நின்றால், வாய் திறப்பதற்கு முன் அளவுகோலைக் கையிலெடுங்கள். பொன் தேய்ந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் காணலாம்; அதன் எடையை ஈடுசெய்ய மீண்டும் பொன் சேர்த்து உருக்கலாம். சந்தேகச் சொல்லால் தேய்ந்துபோன உறவுக்கு அத்தகைய வசதி இல்லை.